ஐந்தாவது ஆளின் கை: மவுஸ், கீபோர்டு, உடல் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

மவுஸைத் தொடாமலே கம்ப்யூட்டர் திரையில் உள்ள அம்புக்குறியை நகர்த்த முடியும். விண்டோஸ் ஓடுகிற எந்த மேசைக் கம்ப்யூட்டரிலும் இதைச் செய்துபார்க்கலாம். இடதுபக்க ஆல்ட், இடதுபக்க ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் ஒருசேர அழுத்தினால், கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கிற எண்பலகை மவுஸாக மாறிவிடும். 8 மேலே, 2 கீழே, 4 இடது, 6 வலது. 7, 9, 1, 3 நாலும் மூலைவாட்டில் போவதற்கு. 5-ஐத் தட்டினால் கிளிக். கூட்டல் குறியைத் தட்டினால் டபுள் கிளிக். 0-வைத் தட்டினால் அம்புக்குறிக்குக் கீழே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். புள்ளியைத் தட்டினால் விட்டுவிடும். இதற்குப் பெயர் 'மவுஸ் கீஸ்'. 1995-ல் வந்த விண்டோஸ் 95 தொடங்கி இன்றுவரை இது கூடவே வருகிறது. தனியாகக் காசு கொடுக்க வேண்டாம், தனியாக எதையும் ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

கோவிலம்பாக்கத்தில் மேடவாக்கம் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிற ஜெராக்ஸ் கடை, டிடிபி கடை, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் கடை எல்லாவற்றிலும் உள்ள கம்ப்யூட்டர்களில் இது தூங்கிக்கொண்டிருக்கிறது. கை நடுக்கத்தால் மவுஸைப் பிடிக்க முடியாத ஒருவர் அப்படி ஒரு கடைக்கு வந்தால், 'நீங்க உக்காருங்க, நாங்களே பண்ணித் தர்றோம்' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். நல்ல மனசுதான். ஆனால் அவருடைய ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடவுச்சொல் எல்லாம் இன்னொருவர் கை வழியாகப் போகின்றன என்பதை அந்த நல்ல மனசு மறைத்துவிடுகிறது. உதவி கிடைத்தது, கட்டுப்பாடு கைவிட்டுப் போனது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரம்தான் இக்கட்டுரையின் பொருள்.

'இது ஊனமுற்றவங்களுக்காகக் குடுத்த வசதி' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அப்படி முடிப்பதில் ஒரு கதையாடல் ஒளிந்திருக்கிறது. மவுஸ் பிடிக்கிற கை இயல்பானது, மற்ற கைகள் குறைபட்டவை, குறைபட்ட கைகளுக்கு நிறுவனங்கள் பெரியமனசு பண்ணி ஒரு வசதி செய்து கொடுத்தன என்பது அந்தக் கதையாடல். வரலாறு அப்படி நடக்கவில்லை. மவுஸ் பிடிக்கிற கை, கட்டமைக்கப்பட்ட ஒரு கை. அதைக் கட்டமைத்தபோது வேறு சில கைகள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. நீக்கப்பட்டவர்கள் பிற்பாடு திரும்பி வந்தபோது அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட மூலைக்குத்தான் 'அணுகல் வசதி' என்று பெயர்.

2

மவுஸ் பிறந்த இடத்துக்குப் போவோம். 1960களின் நடுவில் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவரும் அவருடைய சகா பில் இங்கிலிஷும் ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் இருக்கிற ஓர் எழுத்தை, ஒரு சொல்லை எதை வைத்துச் சுட்டுவது? அவர்கள் முன்னால் பல கருவிகள் இருந்தன: ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், அடியில் சக்கரம் வைத்த மரப்பெட்டியாகிய மவுஸ், இவற்றோடு மேசைக்கு அடியில் பொருத்தி முழங்காலால் இயக்குகிற ஒரு கருவியும் இருந்தது. காலைப் பக்கவாட்டில் அசைத்தால் குறி பக்கவாட்டில் போகும். தூக்கி இறக்கினால் மேலும் கீழும் போகும். 1967-ல் வெளியான அவர்களது ஆய்வுக் கட்டுரையில் இந்த முழங்கால் கருவி மற்றவற்றோடு சரிசமமாக நிற்கிறது. புதிதாக வந்து உட்கார்ந்தவர்களிடம் அது நன்றாகவே ஈடுகொடுத்தது. பழகியவர்களிடம் மவுஸ் முந்தியது.

ஆக, சுட்டும் வேலை கைக்குத்தான் என்று எங்கும் விதிக்கப்பட்டிருக்கவில்லை. அந்த மேசைக்கு அடியில் ஒரு கணம் முழங்காலும் போட்டியில் இருந்தது. பிற்பாடு அது மறந்துபோனது. தோற்ற சாத்தியங்களை மறப்பதுதான் ஒன்றை 'இயற்கை' ஆக்குவதற்கு முதல் படி.

1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் எங்கெல்பார்ட் நடத்திக்காட்டிய புகழ்பெற்ற செயல்விளக்கத்தில் அவருடைய வலது கையில் மவுஸ். இடது கைக்கு ஐந்து கீ மட்டும் கொண்ட ஒரு சின்னப் பலகை. நடுவில் வழக்கமான கீபோர்டு. ஐந்து கீயையும் வாத்தியம் வாசிப்பதுபோலச் சேர்த்துச் சேர்த்து அழுத்தி எழுத்துகளை உண்டாக்கலாம். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலை செய்கிற, நன்றாகப் பழக்கப்பட்ட ஓர் உடல் அங்கே முன்வைக்கப்பட்டது. அந்த ஐந்து கீ பலகையும் பின்னால் உதிர்ந்துபோனது. மவுஸ் மட்டும் மிஞ்சியது.

மிஞ்சியதற்கு 'விஞ்ஞான' நியாயம் 1978-ல் வந்தது. ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் கார்டு, பில் இங்கிலிஷ், பெட்டி பர் மூவரும் நாலு வழிகளை ஒப்பிட்டார்கள்: மவுஸ், ஜாய்ஸ்டிக், நாலு திசைக்கும் ஒவ்வொரு கீ கொண்ட 'படி கீ', பத்தி, வரி, சொல், எழுத்து என்று தாவிப்போகும் 'பிரதி கீ'. கடைசி இரண்டும் கீபோர்டு வழிகள். நம்முடைய மவுஸ் கீஸின் மூதாதைகள் என்று தாராளமாகச் சொல்லலாம். ஸ்டாப்வாட்ச் தீர்ப்புச் சொன்னது. கையைக் கருவிக்குக் கொண்டுபோகும் நேரத்தையும் சேர்த்து, ஒரு முறை சுட்டுவதற்கு மவுஸுக்குச் சராசரியாக 1.66 வினாடி; படி கீக்கு 2.51 வினாடி. தவறுகளும் மவுஸில்தான் குறைவு. பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-ல் கைகளின் அசைவுக்கு எழுதிய சூத்திரத்தோடு மவுஸின் வேகம் பொருந்திப்போனது. கை நேரடியாகப் பொருளைத் தொடுகிற வேகத்துக்கு அருகில் மவுஸ் வந்துவிட்டது, இதற்குமேல் பெரிதாக முன்னேற இடமில்லை என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டினார்கள்.

இந்த ஆய்வுக்கு உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? ஐந்து பேர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்கள், மூன்று ஆண், இரண்டு பெண். கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் நாலு பேர். ஒருவர் மற்றவர்களைவிட மிகவும் மெதுவாக இருந்ததால் ஆய்விலிருந்து நீக்கப்பட்டார் என்று கட்டுரையிலேயே இருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம்.

அந்த ஐந்தாவது ஆள் யார், ஏன் மெதுவாக இருந்தார் என்று கட்டுரை சொல்வதில்லை. அவருக்கு ஊனம் இருந்ததாக நாம் கற்பனை செய்துகொள்ளவும் வேண்டாம். புள்ளியியலில் இது சாதாரணமாக நடக்கிற வேலை, மோசடி ஒன்றும் கிடையாது. நம் அக்கறை வேறு. 'மனிதக் கைக்கு மவுஸே சிறந்தது' என்று உலகம் முழுக்கப் பரவிய வாக்கியத்தில் உள்ள 'மனிதக் கை' நாலு கைகளின் சராசரி. மெதுவான கையை வெளியே வைத்த பிறகு கிடைத்த சராசரி. வேகம் என்கிற ஒற்றை அளவுகோலை எடுத்துக்கொண்ட உடனேயே, 'யாரால் முடியும், யாரால் முடியாது' என்ற கேள்வி 'யார் வேகம்' என்ற கேள்வியாக மாறிவிட்டது. 2.51 வினாடியில் சுட்டமுடிகிற ஒருவர், மவுஸில் சுட்டவே முடியாதவராக இருக்கலாம். அவருக்கு இந்த இரண்டு எண்களின் ஒப்பீட்டில் ஒரு பொருளும் இல்லை.

3

ஆய்வுக்கூடத்தில் கிடைத்த தீர்ப்பு சந்தைக்கு வந்தபோது கட்டளையாக மாறியது. 1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட முதல் மேக்கின்டோஷின் கீபோர்டில் அம்புக்குறி கீகளே கிடையாது. மறதி இல்லை, திட்டம் போட்டு எடுத்தார்கள். அம்புக்குறி கீ இருந்தால் ஜனங்கள் பழைய பழக்கத்தை விடமாட்டார்கள், மென்பொருள் எழுதுகிறவர்களும் பழைய மாதிரியே எழுதுவார்கள், ஆகவே மவுஸைத் தொட வைக்க வேண்டுமென்றால் கீயைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் கணக்கு. எண்பலகையும் அந்தக் கீபோர்டில் இல்லை. 1986-ல் வந்த மேக்கின்டோஷ் பிளஸ்ஸில்தான் இரண்டும் திரும்பி வந்தன.

ஃபூக்கோ 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில், பள்ளியில் நல்ல கையெழுத்துக்காகக் குழந்தையின் முழு உடலும் எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவரப்பட்டது என்று பேசுகிறார். முதுகு, முழங்கை, பாதம் வரைக்கும் ஒரு விதி. அங்கே பிரம்பு வைத்திருந்த வாத்தியார் இருந்தார். 1984-ல் வாத்தியார் தேவைப்படவில்லை. நாலு கீயை எடுத்துவிட்டால் உடல் தானாகவே புதிய ஒழுங்குக்கு வந்துவிடும். அதிகாரம் கருவியின் வடிவத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

திரும்பி வந்த கதைக்கு வேறு ஒரு தொடக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் 1973-ல் இயற்றப்பட்ட மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, மத்திய அரசின் பணம் வாங்குகிற எந்த அமைப்பும் ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக்கூடாது என்றது. அதற்கான விதிகளில் கையெழுத்துப் போடாமல் அரசு இழுத்தடித்தது. 1977 ஏப்ரலில் ஊனமுற்றவர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவின் மத்திய அரசுக் கட்டடத்துக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கு மேல் வெளியேற மறுத்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் கறுஞ்சிறுத்தைகள் கட்சிக்காரர்கள் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். விதிகள் கையெழுத்தாயின. 1986-ல் அதே சட்டத்தில் 508-ஆம் பிரிவு சேர்ந்தது. அரசு வாங்குகிற மின்னணுக் கருவிகளை ஊனமுற்றவர்களும் பயன்படுத்த முடிய வேண்டும் என்ற பேச்சு அப்போது சட்டத்துக்குள் வந்தது. அரசுதான் மிகப் பெரிய வாடிக்கையாளர். நிறுவனங்களின் காது அதற்குப் பிறகு கொஞ்சம் கூர்மையானது.

வேலையைச் செய்துவைத்தவர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் 'டிரேஸ்' மையத்தினர். கிரெக் வாண்டர்ஹைடன் 1971-ல், மூளை முடக்குவாதத்தால் பேச முடியாத ஒரு சிறுவனுக்குத் தொடர்புக் கருவி செய்யப் போய் அந்த மையம் உருவானது. கீபோர்டால் அம்புக்குறியை நகர்த்துவது, ஷிஃப்டை அழுத்திப் பிடிக்காமல் ஒருமுறை தட்டிவிட்டுப் பிறகு எழுத்தைத் தட்டுவது, நடுங்கும் விரல் இரண்டு மூன்று முறை பட்டாலும் ஒரு தட்டாகவே எடுத்துக்கொள்வது போன்றவற்றை அவர்கள் உருவாக்கிக்கொண்டே வந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் ஆப்பிளின் 'ஈஸி ஆக்சஸ்', 1990களின் தொடக்கத்தில் ஐபிஎம் கொடுத்த 'ஆக்சஸ் டாஸ்', விண்டோஸ் 3-க்கான துணைத்தொகுப்பு, கடைசியில் 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95-க்குள்ளேயே இடம். கீயைப் பிடுங்கிய அதே ஆப்பிள், சில ஆண்டுகளுக்குள் அந்தக் கீகளையே மவுஸாக்கிக் கொடுத்தது.

4

மவுஸ் கீஸ் உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்ப்பது வெறும் தொழில்நுட்ப விவரம் அல்ல. விண்டோஸ் 95 காலத்துத் திரை பலவற்றில் குறுக்கே 640 புள்ளிகள், நெடுக்கே 480 புள்ளிகள். ஒரு தட்டுக்கு ஒரு புள்ளி என்றால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக 640 தட்டு. எவராலும் ஆகாது. ஆகவே கீயை அழுத்திப் பிடித்தால் முதலில் மெதுவாகப் போய், பிறகு படிப்படியாக வேகம் எடுக்கும். எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கலாம், உச்ச வேகம் எவ்வளவு என்பதை ஆள் தானே வைத்துக்கொள்ளலாம். வேகத்தின் அளவு ஆய்வுக்கூடத்தின் ஸ்டாப்வாட்ச்சிலிருந்து அந்தந்த உடலுக்கு மாறுகிறது. சின்ன விஷயம்தான். ஆனால் 1978-ன் தீர்ப்புக்கு இதைவிடச் சரியான மறுப்பு இல்லை.

இரண்டாவது, 0-வும் புள்ளியும். மவுஸில் ஒரு கோப்பை இழுத்துப் போட வேண்டுமென்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நகர்த்த வேண்டும். இரண்டு செயல், ஒரே நேரம். மவுஸ் கீஸில் 0 தட்டிப் பிடி, கையை எடு, மூச்சு வாங்கு, 6-ஐ அழுத்தி நகர்த்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்தும் புள்ளியைத் தட்டி விடலாம். 'ஒரே நேரத்தில்' என்பது 'ஒன்றன் பின் ஒன்றாக' என்று பிரிகிறது. ஷிஃப்டை ஒட்டவைக்கிற 'ஸ்டிக்கி கீஸ்' செய்வதும் இதையே. உடலைக் கருவிக்கு ஏற்ப வளைக்காமல் காலத்தை உடலுக்கு ஏற்ப நீட்டுகிறார்கள்.

ஒரே நேரத்தில் அழுத்து என்கிற விதி எங்கிருந்து வந்தது என்பதற்குக் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் நல்ல சாட்சி. ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி 1980களின் தொடக்கத்தில் இதை அமைத்தபோது, ஒரு கையால் தெரியாமல் பட்டுவிடக்கூடாது என்பதற்காகவே தூரத்தில் இருக்கிற கீயைத் தேர்ந்தெடுத்தார். விபத்தைத் தடுக்க வைத்த பூட்டு. அதே பூட்டு பிறகு விண்டோஸ் என்டியில் உள்ளே நுழைவதற்கான வாசல் ஆனது. ஒரு விரலால், அல்லது வாயில் கவ்விய குச்சியால் தட்டுகிற ஆளுக்கு அந்த வாசல் திறக்காது. இரண்டு கை இல்லாமை ஒரு 'விபத்து' என்ற வகைக்குள் அடங்கிவிட்டது. மவுஸ் கீஸைத் திறக்கிற குறுக்குவழியே மூன்று கீயை ஒன்றாக அழுத்தச் சொல்கிறது என்பதையும் கவனிக்கலாம். ஐந்து முறை ஷிஃப்டைத் தட்டி ஸ்டிக்கி கீஸை முதலில் எழுப்பிவிட்டுத்தான் சிலரால் அதைத் திறக்க முடியும்.

5

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். கைகளை வரிசைப்படுத்துவதில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் இல்லை. ஒரு கை சோத்துக்கை, இன்னொன்று பீச்சாங்கை. எதைக் கொடுக்க வேண்டும், எதால் வாங்க வேண்டும், எதை நீட்டினால் அடி விழும் என்பது தமிழ்க் குழந்தை நடக்கப் பழகும் முன்னே கற்றுக்கொள்கிற பாடம். சிலேட்டுப் பலகையில் இடது கையால் எழுதின குழந்தையின் கையைத் தட்டி மாற்றிய வாத்தியார்கள் இன்னும் பலர் நினைவில் இருக்கிறார்கள். மவுஸும் எண்பலகையும் வலப்பக்கமாகவே வந்து இறங்கியபோது நமக்கு அதில் அதிசயம் தோன்றாமல் போனதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். வலது பக்கம் வாதத்தில் விழுந்த ஒருவர் இடது கையைக் குறுக்கே நீட்டித்தான் அந்த எண்பலகையைத் தொட வேண்டும்.

அடுத்தது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று தொடங்கி, பத்து விரலுக்கும் பத்து வேலை பிரித்துக்கொடுத்து, நிமிடத்துக்கு 30 சொல் அடித்தால் ஆங்கில ஜூனியர், 45 அடித்தால் சீனியர் என்று தேர்வு வைத்து, தமிழ்நாட்டின் கீழ்நடுத்தர வர்க்கத்தை அரசு அலுவலகத்துக்குள் அனுப்பிய பள்ளிக்கூடம் அது. பெண்களுக்கும் முதல் தலைமுறைப் படிப்பாளிகளுக்கும் அது திறந்துவிட்ட கதவைக் குறைத்து மதிப்பிட முடியாது. அந்தக் கதவுக்கு அளவு மட்டும் பத்து விரல்.

1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 கீபோர்டில் உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய் வரிசை பெரும்பாலும் வலது கைப் பக்கம். இரண்டு கையும் மாறிமாறி ஓடினால் வேகம் கூடும் என்பது அதன் கணக்கு. ஆக அதுவும் இரண்டு கையை எதிர்பார்க்கிறது. ஆனால் அதன் அமைப்பில், யாரும் நினைத்துச் செய்ததோ இல்லையோ, இன்னொன்றும் நடந்துவிட்டது. பழைய தமிழ்த் தட்டச்சில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டிய எழுத்துகள் ஏராளம். தமிழ்99-ல் ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான் ஷிஃப்ட். உயிரும் மெய்யும் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்து உயிர்மெய்யாகின்றன. தமிழ் எழுத்தின் இலக்கணமே ஒற்றை விரலுக்கு இடம் கொடுக்கிறது.

மவுஸுக்குத் தமிழில் 'சுட்டி' என்று பெயர் வைத்தார்கள். தமிழ் இலக்கணத்தில் சுட்டுவது கையின் வேலை இல்லை, எழுத்தின் வேலை. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள். தொலைவில் இருப்பதை அ சுட்டும், அருகில் இருப்பதை இ சுட்டும், நடுவில் இருப்பதை உ சுட்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'உவன்', 'உது' என்று அந்த உகரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழ்99-ல் இந்த மூன்றும் இடது கையின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் விழுகிற இடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. எழுத்தைத் தட்டிச் சுட்டலாம் என்பது தமிழுக்குப் புதுச் செய்தி அல்ல, அதுவும் பீச்சாங்கையால்.

6

இப்போது கோவிலம்பாக்கத்தின் நிலப்படத்தை விரித்துப் பார்க்கலாம். மேற்கே தாம்பரத்தில் 1984-ல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம். வடகிழக்கே தரமணியில் 2000-ல் திறக்கப்பட்ட டைடல் பார்க். கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பைத் தாண்டினால் பழைய மகாபலிபுரம் சாலையின் கம்ப்யூட்டர் நிறுவனங்கள். ஏரியும் வயலுமாக இருந்த ஒரு கிராமம், இந்த நிறுவனங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் தூங்கி எழுகிற ஊராக மாறியது. இங்கே குடியேறிய தலைமுறையின் பிழைப்பு கீபோர்டிலும் மவுஸிலும் இருக்கிறது.

அதே நிலப்படத்தில் இன்னொரு வரிசையும் உண்டு. 1985-ல் கோட்டூர்புரத்தில் பூனம் நடராஜன் தொடங்கிய, இன்று 'வித்யாசாகர்' என்று அறியப்படும் அமைப்பு. டைடல் பார்க்குக்கு அருகிலேயே தரமணியில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி. தெற்கே முட்டுக்காட்டில் 2005-ல் நிறுவப்பட்ட, பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம். பேச்சும் கையும் ஒத்துழைக்காத பிள்ளைகள் ஒரு சுவிட்சைக் கொண்டு, ஒரு விரலைக் கொண்டு, தலை அசைவைக் கொண்டு தொடர்புகொள்ளலாம் என்ற அறிவு சென்னையில் இந்த இடங்களில்தான் சேர்ந்தது. ஐஐடியில் படித்த அஜித் நாராயணன் வித்யாசாகரோடு சேர்ந்து வேலை செய்து உருவாக்கிய 'ஆவாஸ்' கருவி அந்த அறிவிலிருந்து வந்தது. திரையில் படங்களோ சொற்களோ ஒவ்வொன்றாக ஒளிர்ந்துகொண்டே போகும். வேண்டியது வரும்போது எந்தத் தசை அசைகிறதோ அதால் சுவிட்சைத் தட்டினால் போதும். அம்புக்குறியை ஆள் துரத்துவதற்குப் பதில், தெரிவுகள் ஆளைத் தேடி வருகின்றன. மும்பையில் மாலினி சிப் தன் சுயசரிதைக்கு வைத்த தலைப்பே ஒரு சின்ன விரலைப் பற்றியது. அந்த ஒரு விரலால்தான் அவர் கீபோர்டில் எழுதினார்.

இரண்டு வரிசையும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. ஆனால் ஒன்றின் அறிவு மற்றதற்குள் அவ்வளவாகப் போகவில்லை. ஒன்று 'தொழில்', மற்றது 'சேவை'. இந்தப் பிரிவினை நிர்வாக வசதிக்காக வந்தது என்று மட்டும் நினைக்கக்கூடாது. உற்பத்தி செய்யும் உடல், பராமரிக்கப்படும் உடல் என்று உடல்களைப் பிரிக்கிற பொருளாதாரம் அதற்குப் பின்னால் இருக்கிறது. கருணாநிதி ஆட்சிக் காலத்தில் 'ஊனமுற்றோர்' என்ற சொல் அரசுத் தாள்களில் 'மாற்றுத்திறனாளிகள்' ஆனது. சொல் மாறியது நல்லதே. திறன் மாற்றாக இருக்கிறது என்றால் கருவியும் மாற்றாக இருக்க வேண்டும், தேர்வுக்கூடமும் மாற்றாக இருக்க வேண்டும் என்ற அடுத்த வரி எழுதப்படவில்லை.

7

விண்டோஸ் 95 வந்த அதே ஆண்டின் பெயரைத் தாங்கி இந்தியாவின் முதல் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் வந்தது. 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்தது. 2007-ல் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. 2016-ல் புதிய சட்டம். ஊன வகைகள் ஏழிலிருந்து இருபத்தொன்று ஆயின. தகவல் தொழில்நுட்பத்தை அணுகுவது அதில் தனிப்பிரிவு ஆனது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் அணுகல் அரசியல் சட்டத்தின் 21-ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. வங்கிக்காகக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னபோது சிமிட்ட முடியாமல்போன, அமிலவீச்சுக்கு ஆளானவர்கள் தொடுத்த வழக்கு அது. அங்கேயும் கதை ஒன்றே: 'எல்லாருக்கும் கண் சிமிட்டும்' என்று யாரோ எங்கேயோ முடிவுசெய்திருந்தார்கள்.

சட்டம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. தேர்வுக்கூடம் எங்கே இருக்கிறது? இன்று பெரிய தேர்வுகள் கம்ப்யூட்டரில் நடக்கின்றன. கேட் தேர்வில் எண்ணை விடையாகத் தரவேண்டிய கேள்விக்குக்கூடக் கீபோர்டு கிடையாது. திரையில் தோன்றும் எண்பலகையை மவுஸால் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்ய வேண்டும். காப்பியடிப்பதைத் தடுக்க, கேள்வியை வெளியே அனுப்புவதைத் தடுக்க என்று நியாயம் இருக்கலாம். 1984-ல் நாலு கீயைப் பிடுங்கினார்கள். இங்கே மொத்தக் கீபோர்டும் போய்விட்டது. மவுஸைப் பிடிக்க முடியாதவருக்கு விதி என்ன தருகிறது? சொல்வதை எழுதும் ஆள் ஒருவர், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம். 2021-ல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 40 சதவீத ஊனம் என்ற வரம்புக்குள் வராத, கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள தேர்வருக்கும் எழுதும் ஆளை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்றது. அது முக்கியமான தீர்ப்பு. எழுதும் ஆள் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், இருப்பார்கள். அந்த உரிமையை யாரும் குறைக்கக்கூடாது.

ஆனால் கீபோர்டைத் திறந்துவிட்டால் தானே எழுதக்கூடியவருக்கும் ஏன் ஆள்? கணக்கை மனதில் போட்டு, இன்னொருவரிடம் சொல்லி, அவர் சரியாகக் கிளிக் செய்தாரா என்று பார்த்து, தப்பென்றால் திருத்தச் சொல்வது யோசனையின் ஓட்டத்தையே மாற்றுகிறது. பதிலை மாற்ற நினைத்து, 'எத்தன தடவதான் சொல்றது' என்று கூச்சப்பட்டு விட்டுவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அந்தக் கூச்சம் மதிப்பெண் பட்டியலில் பதிவாகாது. மத்திய அரசின் 2013 வழிகாட்டுதலிலேயே கம்ப்யூட்டரில் தேர்வெழுதும் தெரிவும், முந்தின நாளே வந்து கருவியைச் சோதித்துப் பார்க்கும் உரிமையும் பேசப்பட்டிருக்கின்றன. ஆக, கேட்பது புதிய சலுகை அல்ல. ஏற்கெனவே அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு வசதியைப் பூட்டாதே என்பதுதான்.

பூட்டு இன்னொரு பக்கமும் விழுந்துகொண்டிருக்கிறது. மவுஸ் கீஸ் எண்பலகையை நம்பி இருக்கிறது. மடிக்கணினி மெலிய மெலிய அந்த எண்பலகை காணாமல்போகிறது. 2011-ல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. கம்ப்யூட்டரை ஏழை வீட்டுக்குள் கொண்டுசென்ற பெரிய காரியம் அது. பொதுவாக அந்த அளவு மடிக்கணினிகளில் தனி எண்பலகைக்கு இடம் இருக்காது. மேக்கில் இதற்கு யு, ஐ, ஓ, ஜே, கே, எல் போன்ற எழுத்துக் கீகளையே மவுஸாக்கும் வழி இருக்கிறது. லினக்ஸில் கீ அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். ஆகவே தொழில்நுட்பத்தால் முடியாது என்று சொல்ல இடமில்லை. டெண்டர் நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் நடக்கிற காரியம். 508-ஆம் பிரிவின் பாடம் அதுதானே.

'இனிமே எல்லாம் குரல்ல சொல்லலாம், கண்ணால பாத்தாலே போதும், இந்தப் பழைய கீபோர்டு வித்தை எதுக்கு' என்று ஒரு கேள்வி வரும். குரல் வழி நல்லதுதான், குரல் இருப்பவர்களுக்கு. அது கேட்கிற மாதிரி பேச முடிகிறவர்களுக்கு. மூளை முடக்குவாதத்தில் கையும் பேச்சும் சேர்ந்தே பாதிக்கப்படுவது உண்டு. கண்ணைப் பின்தொடரும் கருவி காசு கேட்கிறது. கீபோர்டு ஏற்கெனவே மேசைமேல் இருக்கிறது. ஒரு வழி வந்துவிட்டது என்பதற்காக இன்னொரு வழியை அடைப்பது 1978-ன் தர்க்கத்தையே மறுபடி நடத்துவதாகும்: எது சிறந்தது என்று ஒன்றைத் தேர்ந்தெடு, மிச்சத்தை மற.

ஐந்து பேரில் ஒருவரை நீக்கிவிட்டுப் போட்ட சராசரியின்மேல் நாற்பது ஆண்டுக்கு மேலாக ஓர் உலகம் கட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல்தான் கோவிலம்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் பிழைப்பு நடக்கிறது. அந்த ஐந்தாவது ஆளை உள்ளே சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டால் என்ன ஆகும்? சராசரி வேகம் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவைத் தாங்க முடியாத தேர்வு, அலுவலகம், கடை எது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கிறவர்கள் தங்கள் கையாலேயே மனுவைத் தட்டச்சு செய்து அனுப்புகிற நிலை வந்தால், கேள்வி இன்னும் கொஞ்சம் அழுத்தமாக விழும்.